அழவைக்காத தொள்ளாயிரம் பக்கங்களோடு சிதம்பரத்துக்கு

கடலூரிலிருந்து காலையில் கிளம்பி, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பக்கூடிய ஊர்களைப் பற்றித்தான் இந்தப் பக்கத்தில் எழுதுவேன். இந்தமுறை சிதம்பரம். பிச்சாவரம் படகுச் சவாரி பற்றித் தேடி இங்கே வந்து சேர்ந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் சிதம்பரம் போனது ஒரு நாவலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவதற்காக. பேசப்போகும் இடத்தில் அந்த நாவலை எழுதியவரே உட்கார்ந்திருப்பார். எனக்கோ அந்த நாவல் பிடிக்கவில்லை.

முதலில் இது எப்படி என் தலையில் விழுந்தது என்று சொல்லிவிடுகிறேன். சிதம்பரம் வடக்கு வீதியில் இருக்கும் கற்பகம் அக்கா இந்தப் பக்கத்தின் பழைய வாசகி. வங்கியில் வேலை. மாதம் ஒரு ஞாயிறு அங்கே வாசகர் கூட்டம் நடத்துகிறார். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் எனக்குப் போன் செய்தார்.

"ஷமீமா, ஒரு நாவல் அனுப்புறேன். புருஷன் அரபு நாட்டுக்குப் போயிடுறான், பொண்டாட்டி ஊர்ல காத்துக்கிட்டு இருக்கா. அவ்வளவுதான் கதை. படிச்சவங்க எல்லாம் அழுவுறாங்க, நானும் அழுதேன். நீங்க பேசினாதான் சரியா இருக்கும். உங்க வாழ்க்கை அப்பிடியே இருக்கு அதுல."

என் வாழ்க்கை என்று அவர் சொன்னது இதுதான். எனக்குப் பிறந்த ஊர் லால்பேட்டை. கல்யாணமாகிக் கடலூர் வந்தேன். என் கணவர் ஜாபர் பதினோரு வருடம் ரியாத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் வண்டி ஓட்டினார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒன்றரை மாத விடுப்பு. மூன்று வருடத்துக்கு முன்னால் மொத்தமாகத் திரும்பி வந்து, இப்போது முதுநகரில் இன்வெர்ட்டர் பாட்டரிக் கடை வைத்திருக்கிறார். நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறேன். ஒரே மகள், வெளியூரில் படிக்கிறாள்.

புத்தகம் கூரியரில் வந்தது. தொள்ளாயிரத்துப் பதினான்கு பக்கம். ஜாபர் அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "சின்ன பாட்டரி கனம் இருக்கும்போலயே" என்றார். நாவலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. உங்களுக்கு அது பிடித்துப்போகலாம். அதை நான் கெடுக்கக் கூடாது.

ஐந்து வாரம் படித்தேன். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அரை மணி நேரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிடம். கதையில் அந்தப் பெண் ஒரு கடற்கரை ஊரில் இருக்கிறாள். கணவன் போகிறான். கடிதம் வருகிறது, பிறகு குறைகிறது, பிறகு நிற்கிறது. கிணறு வற்றுகிறது. மாமியார் படுக்கையில் விழுகிறார். நானூறாவது பக்கம் தாண்டியதும் குழந்தை இறந்துபோகிறது. கடைசி நூறு பக்கம் அவள் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள்.

குழந்தை இறக்கும் இடத்தை நான் ஒரு மதிய வேளையில் படித்தேன். எதிரே இருந்த குமாஸ்தா அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுவேன் என்று எனக்குமே ஒரு எதிர்பார்ப்பு. ஆனால் அந்தப் பக்கத்தைப் படித்து முடித்தபோது என் மனதில் ஓடியது, காலையில் மோட்டாரை நிறுத்தினேனா இல்லையா என்பதுதான். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. பின்னால் போய் அதே நான்கு பக்கத்தை மறுபடி படித்தேன். ஒன்றும் இல்லை. தமிழ் அழகாக இருந்தது, வாக்கியங்கள் நன்றாக இருந்தன, மழை பெய்வதை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். கண் மட்டும் நனையவில்லை.

அன்றிலிருந்து எனக்குப் பயம், புத்தகத்தைப் பற்றியல்ல, என்னைப் பற்றி. ஊரெல்லாம் அழுகிறது. பதினோரு வருடம் காத்திருந்த நான் அழவில்லை என்றால், என் மனசு கல்லாகிவிட்டதா? அந்தப் பயத்தில்தான், கூட்டத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒரு புகழுரையைத் தட்டச்சு செய்து வைத்தேன். மூன்று பக்கம். எங்கே குரல் கம்ம வேண்டும் என்றுகூடப் பென்சிலில் கோடு போட்டிருந்தேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் செய்தது உண்மை.

இனி பயணம். காலை ஏழே முக்காலுக்கு மஞ்சக்குப்பத்தில் ஷேர் ஆட்டோ ஏறினோம். ஆளுக்குப் பதினைந்து ரூபாய். ஜாபர் கடைக்கு விடுமுறை விட்டு என்னோடு வந்தார். திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் எட்டு பத்துக்குச் சிதம்பரம் வண்டி. டிக்கெட் நாற்பத்திரண்டு ரூபாய். உள்ளூர் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதால் சிலர் இதிலும் அப்படி நினைத்து ஏறிவிடுகிறார்கள். இது வெளியூர் வண்டி, டிக்கெட் உண்டு. தூரம் ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். இடதுபக்க ஜன்னலோரம் உட்காராதீர்கள், காலை வெயில் முகத்தில் அடிக்கும். நாங்கள் வலதுபக்கம் இடம் பிடித்தோம்.

முதுநகர் தாண்டி, சிப்காட் ஆலைகளின் நாற்றம் ஜன்னல் வழியாக வந்து போனதும், பேச்சை எடுத்து ஜாபரிடம் மெதுவாக வாசித்துக் காட்டினேன். அவர் நாவல் படிக்கிறவர் இல்லை. செய்தித்தாளில் தங்கம் விலையும் விளையாட்டும் பார்ப்பார். இரண்டு பக்கம் கேட்டார். கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"இத யாரு எழுதுனது?"

"நான்தான் மச்சான்."

"நீ அழுவவே இல்லயே. நான்தான் தெனம் பாத்தனே. கொட்டாவி வுட்டுக்கிட்டுதான படிச்ச?"

"எல்லாரும் நல்லா இருக்குன்றாங்க. எழுதுனவரு வேற வந்து உக்காந்துருப்பாரு. என் கத மாதிரின்னு வேற கற்பகம் அக்கா சொல்லிட்டாங்க. எனக்கு அழுவ வரலன்னா, என்னாத்த நினைப்பாங்க?"

அவர் புத்தகத்தை என் மடியிலிருந்து எடுத்தார். முன்பகுதியில் எங்கேயோ விரித்து, எழுத்துக்கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படிக்க ஆரம்பித்தார். புதுச்சத்திரம் வரைக்கும் தலை நிமிரவில்லை. எட்டிப் பார்த்தேன். கதாநாயகன் முதல் விடுப்பில் ஊருக்கு வரும் இடம். அவன் கையை நீட்ட, அவனுடைய மகள் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, "இது யாரும்மா?" என்று கேட்கிறாள்.

ஜாபர் புத்தகத்தை மூடினார். வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இது எனக்கு நடந்துருக்கு."

"எப்போ? நான் பாக்கலயே."

"நீ பெட்டிய எறக்கிக்கிட்டு இருந்த. வாசல்ல. நான் சொல்லல."

எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். எங்கள் மகள் அவரை 'யாரு' என்று கேட்ட செய்தி எனக்கு அன்று காலையில், முட்லூர் வருவதற்குச் சற்று முன்னால்தான் தெரியும். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டே ஒரு கரும்பு டிராக்டரை முந்தினார்.

ஜாபர் புத்தகத்தை என் மடியில் திரும்ப வைத்தார். "ஒரு பக்கம் நெசம். அதுக்காவ மத்ததையும் நெசம்னு நீ ஏன் சொல்லணும்? உனக்கு என்னா தோணுச்சோ அத சொல்லு. பயந்துக்கிட்டு பேசுறதுக்கு நீ ஏன் சிதம்பரம் வரைக்கும் வரணும்?"

வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி ஏறும்போது, தட்டச்சு செய்த தாள்களைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் பேனாவால் எழுத ஆரம்பித்தேன். வண்டி ஆடிய ஆட்டத்தில் பாதி எழுத்து எனக்கே புரியவில்லை.

ஒன்பதரைக்குச் சிதம்பரம். பேருந்து நிலையத்திலிருந்து கீழ வீதிக்கு நிதானமாக நடந்தால் பத்து நிமிடம். அங்கே ஒரு சிறிய ஓட்டலில் இட்லி, கொத்சு. கத்தரிக்காயைச் சுட்டு மசித்துச் செய்கிற இந்தக் கொத்சுக்காகவே ஒருமுறை இங்கே வரலாம். இரண்டு பேருக்கும் காபியோடு நூற்றுப் பத்து ரூபாய் ஆயிற்று. பதற்றத்தில் நான் மூன்று இட்லிக்கு மேல் சாப்பிடவில்லை, ஜாபர் ஆறு.

கூட்டம் மேல வீதியில், ஒரு கடையின் மாடியில். பத்தரைக்குத் தொடங்கியது. நாற்பது பேர் இருக்கும். ஆசிரியர் முன்வரிசையில், கதர்ச்சட்டை, அறுபது வயதுக்கு மேல், மடியில் ஒரு சின்ன நோட்டு. எனக்கு முன்னால் மூன்று பேர் பேசினார்கள். மூன்று பேரும் அழுததைச் சொன்னார்கள். ஒருவர் மேடையிலேயே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதன்பிறகு கற்பகம் அக்கா ஒலிபெருக்கியில், "இந்த நாவலை வாழ்ந்தே பார்த்த ஒருத்தங்க இப்ப பேசுவாங்க" என்று என்னை அழைத்தார்.

எழுந்து நின்றேன். கடைசி வரிசையில் ஜாபர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். பேசினேன்.

"எல்லாருக்கும் வணக்கம். ஐந்து வாரம் இந்த நாவலைப் படித்தேன். ஒரு பக்கம் விடவில்லை. எனக்கு அழுகை வரவில்லை" என்றேன். யாரோ இருமினார்கள். "முதலில் என் மனசில்தான் கோளாறு என்று நினைத்தேன். அப்படி இல்லை. நானும் பதினோரு வருடம் காத்திருந்தவள். காத்திருக்கிறவள் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாள். அவளுக்கு அதற்கு நேரம் கிடைக்காது."

அதற்குப் பிறகு தாளைப் பார்க்கவில்லை. அந்தப் பதினோரு வருடத்தில் நான் தட்டச்சு தமிழிலும் ஆங்கிலத்திலும் கற்றுத் தேறியதைச் சொன்னேன். முப்பத்திரண்டு வயதில் ஸ்கூட்டி பழகி, கெடிலம் பாலத்தருகே விழுந்து முட்டி பெயர்ந்ததையும், மறுவாரம் அதே இடத்தில் ஓட்டிப் போனதையும் சொன்னேன். வீடு கட்டும்போது மேஸ்திரி, "ஆம்பள யாரும் இல்லயா, அளவு சொல்லணும்" என்று கேட்க, "அளவு நாடா என் கையிலதான் இருக்கு, என்கிட்ட சொல்லுங்க" என்று நான் சொன்னதைச் சொன்னேன். சமையலறைச் சுவர் நான்கு அங்குலம் கோணலாக எழும்பியதைக் கண்டுபிடித்து, இடித்துக் கட்டவைத்ததையும் சொன்னேன். அழுத நாட்கள் உண்டு. ஆனால் அழுதுமுடித்து எழுந்து கரண்ட் பில் கட்டப் போயிருக்கிறேன்.

"இந்த நாவலில் அந்தப் பெண் ஒரு கையெழுத்துக்கூடப் போடவில்லை. ஒரு கடைக்காரரோடு சண்டை போடவில்லை. தொள்ளாயிரத்துப் பதினான்கு பக்கத்தில் ஒருமுறை சிரிக்கவில்லை. அதனால் அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தெரியாத ஒருத்திக்காக எப்படி அழுவேன்? ஒரே ஒரு இடம் மட்டும், அப்பாவைப் பார்த்துப் பிள்ளை 'யாரு' என்று கேட்கும் இடம், சத்தியம் என்று என் கணவர் சொல்கிறார். அவர் சொன்னால் நான் நம்புவேன்."

இரண்டாம் வரிசையில் இருந்த ஒருவர் எழுந்தார். "அம்மா, இது துக்கத்தைச் சொல்ற நாவல். இதுல சிரிப்புக்கு என்ன வேலை?"

"ஐயா, எங்க பக்கம் சாவு வீட்ல, மவுத்து ஆன வீட்லகூட மூணாம் நாள் யாராவது ஒருத்தவங்க எதையாவது சொல்லிச் சிரிக்க வெச்சிடுவாங்க. சிரிச்சு முடிச்ச அடுத்த நிமிஷம்தான் வீடே சேந்து அழுவும். சிரிப்பே இல்லாத வீட்ட நான் பாத்ததில்ல."

அவர் உட்கார்ந்துவிட்டார். யாரும் கைதட்டவில்லை. நான் என் நாற்காலிக்கு வந்து தண்ணீர் குடித்தேன். கற்பகம் அக்காவின் முகம் வெளிறியிருந்தது.

கடைசியாக ஆசிரியர் ஏற்புரைக்கு எழுந்தார். மற்றவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"எங்க அப்பா பர்மாவுக்கோ சிங்கப்பூருக்கோ போகல. பக்கத்து ஜில்லாவுக்குப் போயி அங்கயே தங்கிட்டாரு. நான் பள்ளிக்கூடம் விட்டு சாயந்திரம் வந்தா அம்மா வாசல்ல உக்காந்திருப்பாங்க. அதத்தான் நான் பாத்தேன், அதத்தான் எழுதினேன்." கையிலிருந்த நோட்டைப் புரட்டினார். "காலையில நான் கிளம்பினதுலேந்து சாயந்திரம் வர்ற வரைக்கும் அவுங்க என்னென்ன செஞ்சாங்கன்னு எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்துல அத நான் யோசிச்சதும் இல்ல. இந்தம்மா சொல்லித்தான் தோணுது."

அவ்வளவுதான் சொன்னார். நோட்டை மூடிவிட்டு உட்கார்ந்தார். ஐந்து வாரம் அவருடைய புத்தகத்தில் கிடைக்காதது எனக்கு அந்த ஒரு நிமிடத்தில் கிடைத்தது. கண் நனைந்தது. அதற்காக நாவலைப் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டும் வேறு வேறு.

கூட்டம் முடிந்து என் பிரதியில் கையெழுத்து கேட்டேன். அவர் பக்கங்களைப் புரட்டியபோதுதான், ஓரங்களில் நான் பென்சிலில் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. அதற்குள் அறுநூறாவது பக்கத்துக்குப் போய்விட்டார். அங்கே 'இன்னும் எவ்ளோ?' என்று பெரிதாக எழுதியிருந்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். "இந்த எடத்துல எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்று சொல்லி, அந்தக் குறிப்புக்குக் கீழேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மதியச் சாப்பாடு கற்பகம் அக்கா வீட்டில். போகும் வழியெல்லாம் அவர் எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தார். என்மேல் வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் போய் மின்விசிறியைப் போட்டதும் என் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்தார்.

"ஷமீமா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நான் முன்னூறு பக்கத்துல நிறுத்திட்டேன்."

"அக்கா! அழுதேன்னு சொன்னீங்களே?"

"எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன்" என்றார். இருவரும் சிரித்த சிரிப்பில் வெளியே இருந்த ஜாபர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். (இதை இங்கே எழுத அக்காவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "எழுதுங்க, அடுத்த கூட்டத்துல நானே சொல்றேன்" என்றார்.)

மாலை நாலேகாலுக்குத் திரும்பும் வண்டி. கூட்டம் ஜாஸ்தி. முன்பக்கம் எனக்கு ஒரு இடமும், இரண்டு வரிசை பின்னால் ஜாபருக்கு ஒரு இடமும் கிடைத்தன. ஆலப்பாக்கம் பக்கம் வண்டி நின்றபோது, பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. பக்கத்துச் சீட்டுப் பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தார். ஜாபர் முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற ஆளே இல்லை.

"சிதம்பரத்துல என்னா விசேஷம் தம்பி?"

"விசேஷம் ஒண்ணும் இல்ல மாமா. எங்க வீட்ல ஒரு கூட்டத்துல பேசுனாங்க. அதோ, முன்னாடி உக்காந்துருக்காங்க பாருங்க, அவுங்கதான். தொள்ளாயிரம் பக்கப் புத்தகம். முழுசா படிச்சிட்டு, அத எழுதுனவரு எதுத்தாப்லயே, எனக்குப் பிடிக்கலன்னு சொன்னாங்க. எதுக்குப் பிடிக்கலன்னும் சொன்னாங்க."

பெரியவர் எழுந்து என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. நான் திரும்பவில்லை. திரும்பினால் ஜாபர் பேச்சை நிறுத்திவிடுவார்.

ஆறு மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம்.

போகிறவர்களுக்குச் சில தகவல்கள். கோயில் பார்க்க வேண்டுமென்றால் பகல் பன்னிரண்டுக்கு முன்னால் போய்விடுங்கள். பிறகு மாலைதான் திறப்பார்கள், நேரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. நான்கு வீதிகளையும் சுற்றி நடக்க ஒரு மணி நேரம் போதும், தலைக்கு ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். ரயிலும் உண்டு, ஆனால் நேரம் ஒத்துவர வேண்டும். பஸ் பத்து இருபது நிமிடத்துக்கு ஒன்று இருக்கிறது. ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பிறகு சேர்ந்து உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். எங்கள் இருவருக்கும் மொத்தச் செலவு முன்னூற்றைம்பது ரூபாய்க்குள்.

கனத்த புத்தகத்தைப் பயணத்தில் எடுத்துப் போகலாமா என்று சிலர் கேட்பீர்கள். எடுத்துப் போங்கள். ஊரெல்லாம் அழுத இடத்தில் உங்களுக்கு அழுகை வரவில்லை என்றால் உங்களைச் சந்தேகப்படாதீர்கள். ஆனால் பாதியில் மூடிவைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கடைசிப் பக்கம் வரை உட்கார்ந்து படியுங்கள். பிடிக்கவில்லை என்று சொல்கிற உரிமை அங்கேதான் கிடைக்கிறது.

நான் படித்தேன். சொன்னேன். என் வீட்டுக்காரர் அதை ஒரு பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார்.